எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்

எங்க குடும்பத்துல யாருக்கும் புற்றுநோய் வந்ததே கிடையாது. எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்தான். பெரியப்பா மாசக்கணக்கா படுத்த படுக்கையா கிடந்து எலும்பும் தோலுமா போனாரு, ஹார்ட் அட்டாக். அப்பாவுக்குக் கண்ணெல்லாம் மஞ்ச பூத்து, கஞ்சித் தண்ணிகூட இறங்கல. அதுவும் ஹார்ட் அட்டாக். கடைசியில யாருக்கா இருந்தாலும் இதயம் நிக்கத்தானே செய்யுது, அந்த அளவுக்கு அது பொய் இல்ல. வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணுங்க இருந்தா, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுல எங்க ஆளுங்களை அடிச்சுக்க முடியாது.

அதனால நாப்பது தாண்டி எனக்கு மார்புல கட்டி வந்தப்போ, குடும்பத்துலயே முதல் ஆள் நான்தான். பெரிய கௌரவம். பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கிற எங்க வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் தூக்கிட்டு வந்த சொந்தக்காரங்க ஆளுக்கொரு காரணம் கண்டுபிடிச்சாங்க. மைக்ரோவேவ், ஹேண்ட்போன், மெகி மீ நூடுல்ஸ். கிள்ளான்ல இருக்கிற அத்தை, அப்பாவோட தங்கச்சி, ஒரு பை நிறைய டுரியான் பெலாண்டா இலை, அதான் முள்ளு சீத்தா இலை, கொண்டுவந்து கொதிக்கவெச்சுக் குடிக்கச் சொன்னாங்க. கிளம்பும்போது வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே, "இதெல்லாம் உங்கம்மா வழிச் சீக்கும்மா. எங்க வழியில ஏது இதெல்லாம்?"ன்னாங்க. அம்மா உள்ள காப்பி ஆத்திக்கிட்டு இருந்தாங்க. காதுலயே விழாத மாதிரி ஆத்திக்கிட்டே இருந்தாங்க.

ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்ச பிறகு, இந்த வயசுல வந்திருக்கே, மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குன்னே இருக்கிற ஆலோசகர், ஒரு சீனப் பொண்ணு, வீட்டுல யார் யாரு எதுல இறந்தாங்கன்னு கேட்டா. சொன்னேன். "எல்லாருக்கும் ஹார்ட் அட்டாக்கா?"ன்னு இங்கிலீஷ்ல கேட்டா. "எல்லாருக்கும்தான் லா"ன்னேன். எழுதறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தா.

ரிசல்ட் வந்ததும் அவதான் விளக்கினா. நம்ம டிஎன்ஏ தினமும் அங்கங்க அறுந்து போகுமாம். அதை ஒட்டவைக்கிற மரபணு ஒண்ணு இருக்கு, அதுல அம்மா குடுத்தது ஒரு பிரதி, அப்பா குடுத்தது ஒரு பிரதி. எனக்கு வந்ததுல ஒண்ணு பொறந்த நாள்ல இருந்தே எம்சி, மெடிக்கல் லீவு. இன்னொண்ணு இத்தனை வருஷமா தனியா ஓவர்டைம் பார்த்திருக்கு. ஏதோ ஒரு செல்லுல அதுவும் கையை விரிச்சிருக்கு, கட்டி வந்திருச்சு. உடைஞ்ச பிரதி இருக்கிற எல்லாருக்கும் நோய் வந்தே தீரும்னு இல்ல, ஆனா மத்தவங்களைவிட வாய்ப்பு ரொம்ப அதிகம். ஆம்பளைங்களுக்கும் இருக்கும், அவங்களும் பிள்ளைங்களுக்குக் குடுப்பாங்க. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

அம்மாவும் டெஸ்ட் எடுத்தாங்க. அவங்களுக்கு இல்ல. அன்னைக்கு எங்க வீட்டுல பாயசம். பெத்த மக எனக்கு முடி இன்னும் சரியா முளைக்கல, அம்மா முந்திரி வறுக்கிறாங்க. நானும் ரெண்டு கிண்ணம் குடிச்சேன், பொய் சொல்லுவானேன்.

அப்போ அது அப்பா வழி. அப்பாவுக்கு இருந்தா அத்தைக்கும் இருக்கலாம், அத்தைக்கு இருந்தா அவங்க ஒரே மகளுக்கும் இருக்கலாம். அவளுக்கு முப்பது நடக்குது, தையில கல்யாணம். முன்கூட்டியே தெரிஞ்சா வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்து, கட்டி வந்தாலும் கடுகா இருக்கும்போதே பிடிச்சிடலாம். ஆனா கிளினிக்ல இருந்து யாருக்கும் போன் பண்ண மாட்டாங்களாம், நோயாளியோட ரகசியமாம். நீங்கதான் சொந்தக்காரங்ககிட்ட சொல்லணும்னாங்க. எங்க சொந்தக்காரங்களைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும் பாவம்.

அத்தைக்குப் போன் பண்ணினேன். முழுசாக் கேட்டாங்க. அப்புறம், "கல்யாணம் முடியட்டும்மா. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"ன்னு போனை வெச்சுட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல பத்துப் பொருத்தம் பார்த்தாங்க, பொண்ணோட சம்பளம் பார்த்தாங்க, கார் லோன் பாக்கிகூட விசாரிச்சாங்க. உடம்புல இருக்கிற செல்லுங்க மட்டும் நல்ல நேரம் பார்த்துக் காத்திருக்கும்னு அத்தைக்கு நம்பிக்கை. எனக்கு வந்த ஆத்திரத்துல அந்த ஞாயிற்றுக்கிழமையே கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

ஹால்ல அத்தை மக உக்காந்து கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கிட்டு இருந்தா. "வாங்க அண்ணி, முடி நல்லா வளர்ந்திருக்கே"ன்னா. "உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்"னு நான் வாயைத் திறந்ததுதான், அத்தை என் கையைப் பிடிச்சுச் சமையல்கட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க.

விடலையே நான். அவளுக்கு டெஸ்ட் எடுக்காம மறைக்கிறீங்களே, மாப்பிள்ளை வீட்டுக்காரன் பெரிசா, பெத்த பொண்ணு பெரிசான்னு கேட்டேன். எனக்கு வெட்டி எடுத்தது அவளுக்கும் வெட்டணுமான்னு கேட்டேன். அத்தை சாம்பார் கொதிச்சுக்கிட்டு இருந்த அடுப்பை அணைச்சாங்க. என் கையை எடுத்து, முந்தானைக்கு உள்ள, இடது பக்கம் வெச்சாங்க.

"இது என்னன்னு நீயே சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

தெரியும். கல்லு மாதிரி, அழுத்தினாலும் நகரல.

"எப்போல இருந்து?"

"பரிசம் போடறதுக்கு முன்னாடியே." அத்தை மெதுவாத்தான் பேசினாங்க. "உனக்குக் கொட்டின மாதிரி எனக்கும் முடி கொட்டிட்டா, மணவறையில அவ பக்கத்துல நான் எப்படிம்மா நிப்பேன்?"

திட்டறதுக்குன்னு வந்த எனக்கு அழுகைதான் வந்தது. அந்தக் கையை எடுக்கவும் மனசு வரல. "நாளைக்குக் காலையிலேயே டாக்டர்கிட்ட போறோம் அத்தை"ன்னேன்.

"நாளைக்கு மண்டபத்துக்காரங்க வர்றாங்களே."

"வந்தா உக்காந்திருக்கட்டும்."

சொன்னது நான் இல்ல. அத்தை மக சமையல்கட்டு வாசப்படியில நின்னுக்கிட்டு இருந்தா. எவ்வளவு நேரமா நிக்கிறான்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. விரல் நுனியெல்லாம் மஞ்சள். அம்மாவைப் பார்த்தா, அவங்க முந்தானைக்குள்ள இருந்த என் கையைப் பார்த்தா.

"அந்த டெஸ்டுக்கு எனக்கும் சேர்த்துப் பேர் குடுத்துடுங்க அண்ணி"ன்னா.