இடது பக்கம் இழுத்த வண்டி

டிரஸரையாவின் மோட்டார் சைக்கிளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் கைப்பிடி ஆடிய ஆட்டம்தான். ஸ்டோர் வாசலில் நிறுத்துவதற்காக வேகத்தைக் குறைத்தபோது, குளிர்ஜுரம் கண்டவனின் தாடையைப் போல அது வெடவெடவென்று இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது. தோள்பட்டை குலுங்க அவர் அதை அழுத்திப் பிடித்திருந்தார். வண்டியின் இடப் பக்கம் பூட்டியிருந்த சைட்கார் காலியாக இருந்தது. அதை நாங்கள் தொட்டி என்போம். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கியவர், "யாரோ வண்டியில கை வெச்சிருக்காங்க" என்றார். சொல்லிவிட்டு என் கைகளைப் பார்த்தார்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலம் அது. சிடாம் கிரிப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வெள்ளைக்காரத் துரை தெற்கே ஓடியபோது விட்டுப்போன அந்த வண்டியை, தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்ட டிரஸரையா ஓட்டலாம் என்று ஜப்பானியர் அனுமதித்திருந்தார்கள். தூரத்து லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களுக்கு மருந்து கொண்டுபோகவும், தொற்றுநோய் கண்டவர்களைத் தோட்டத்தைவிட்டு அப்புறப்படுத்தவும் வேறு வழியில்லை. நான் ரப்பர் ஆலையில் ஃபிட்டர். ஆலையைத்தான் ஸ்டோர் என்பார்கள். ரப்பர் வாங்க ஆளில்லாமல் உருளைகள் எல்லாம் நின்றுபோயிருந்தன. மண்வெட்டிக்குக் காம்பு போடுவதும், ரப்பரைக் காய்ச்சி வண்டிக்கு எண்ணெய் இறக்குவதுமாக என் பிழைப்பு ஓடியது.

அந்த நாட்களில் யாரும் யாரையும் நம்பவில்லை. மரவள்ளிக்கிழங்கு வேகிற வாசனை எந்த வீட்டிலிருந்து கூடுதலாக வருகிறது, யார் டவுனுக்குப் போய்த் திரும்பும்போது சிரித்த முகமாக இருக்கிறார்கள் என்றெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தோம். சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடித்தார்கள். திடகாத்திரமானவன் யார், நோயாளி யார் என்று சோதித்துச் சொல்லும் வேலை டிரஸரையாவுடையது. நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லி, அவர் "போகலாம்" என்று சொன்னவர்கள் லாரி ஏறினார்கள். என் அண்ணனும் அப்படித்தான் ஏறினான். அவனுக்கு ஒரு சளி இருமல்கூடக் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று அம்மா கேட்டாள். அதன் பிறகு அவருடைய பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அவரைப் பற்றி வேறொரு பேச்சும் இருந்தது. காலரா, அம்மை என்று சொல்லி, பட்டப்பகலில் ஆட்களைக் கம்பளியால் மூடித் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போவார். போனவர்கள் திரும்புவதில்லை. செத்தார்கள் என்று செய்தியும் வருவதில்லை. எல்லாவற்றையும்விட எங்களை உறுத்தியது அந்த வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்காததுதான். புருஷனைக் கம்பளியில் சுற்றி அனுப்பிய பொன்னம்மா அக்கா மறுநாள் காலையிலேயே களைவெட்டப் போனாள். ஆளை ஜப்பான்காரனிடம் விற்றுவிட்டார், வீட்டுக்கு அரிசி கொடுத்து வாயை அடைத்துவிட்டார் என்று லயத்தில் முடிவு கட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆகவே அவர் என்னைச் சந்தேகப்பட்டதில் ஆச்சரியமில்லை. சயாமுக்குப் போனவனின் தம்பி, கையில் ஸ்பேனரோடு நிற்கிறவன். ஆனால் வேறு ஆளிடம் போக அவருக்கு வழியில்லை. திகாம் பத்துவில் சைக்கிள் கடை வைத்திருந்த சீனர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ மறைந்துவிட்டார்.

"மெதுவாப் போறப்ப ஆடுதா, வேகமாப் போறப்பவா?" என்று கேட்டேன்.

"கெளம்புறப்பவும் நிப்பாட்டுறப்பவும் ஆடுது. நேர் ரோட்டுல ஓடுறப்ப லெஃப்ட்ல இழுக்குது. நேத்து கால்வாய்க்குள்ள விட்டிருக்கும். கழுத்து நட்டை எவனோ லூஸ் பண்ணிருக்கான்லா."

ஒரு பலகைப் பெட்டியை இழுத்துப்போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். நான் எந்த நட்டைத் தொட்டாலும் அது எதற்கு என்று கேட்டார். கழற்றியதையெல்லாம் தன் காலடியில் விரித்த துணியில் வைக்கச் சொன்னார். காற்று சரியாக இருந்தது. முன்சக்கரக் கம்பிகளும் அச்சும் இறுக்கமாக இருந்தன. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தபோது, கைப்பிடி திரும்புகிற கழுத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். கைப்பிடியை மெல்லத் திருப்பினால், நேராக வருகிற இடத்தில் எதிலோ விழுந்து மாட்டுவதுபோல் நின்று, பிறகு நகர்ந்தது. கழற்றிப் பார்த்தேன். கழுத்துக் கிண்ணத்தில் பேரிங் குண்டுகள் உட்காரும் இடமெல்லாம் குழி விழுந்திருந்தது. ஒரு குண்டு உடைந்தே போயிருந்தது.

"நட்டை யாரும் தொடல, டிரஸரையா. பழைய கிரீஸ் அதுமேல அப்படியே காஞ்சு கெடக்கு பாருங்க. இது அடி வாங்கி அடி வாங்கித் தேஞ்சது."

அவர் குனிந்து பார்த்தார். நம்பியதாகத் தெரியவில்லை. "தேஞ்சதா, தேய வெச்சதா?" என்றார்.

ஆலையின் பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து அதே அளவில் குண்டுகள் கிடைத்தன. கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பித் தட்டி, கைப்பிடி நேராக நிற்கும்போது குண்டுகள் குழிகளில் விழாதபடி இடம் மாற்றினேன். கழுத்தின் ஆட்டத்தைத் தணிக்கிற உராய்வுத் தட்டு தேய்ந்து வழவழத்துப்போயிருந்தது. உருளைகளை ஓட்டிய தோல் பெல்ட்டில் ஒரு வட்டம் வெட்டி அதற்குப் பதில் வைத்தேன். கிரீஸுக்குப் பதில் செம்பனை எண்ணெய்க் கசடு. ஆட்டம் நின்றது. ஆனால் ஸ்டோரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தபோது வண்டி இன்னும் இடது பக்கமே இழுத்தது.

இரண்டு நேர்ப்பலகைகளை எடுத்துவந்தேன். ஒன்றை வண்டியின் இரண்டு சக்கரங்களையும் தொடும்படி வைத்தேன். மற்றதைத் தொட்டியின் சக்கரத்தோடு ஒட்டி வைத்தேன். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி முன்னால் ஒரு விரலளவு குறுகியிருக்க வேண்டும். அது சரியாகத்தான் இருந்தது. பிறகு கல்லைக் கட்டிய நூலைத் தொங்கவிட்டேன். தொட்டி பூட்டிய வண்டி, தொட்டிக்கு எதிர்ப்புறமாக லேசாகச் சாய்ந்து நிற்க வேண்டும். இது தொட்டியின் பக்கமாகச் சாய்ந்து நின்றது. அடியில் படுத்துப் பார்த்தேன். தொட்டியைத் தாங்கும் இரும்பு வளைந்திருந்தது. பட்டை ஸ்பிரிங் தன் வளைவை இழந்து தட்டையாகக் கிடந்தது. மேலே, கால் நீட்டுகிற மூக்குப் பகுதியில் பலகை விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலில் சாக்கு நார் சிக்கியிருந்தது.

ஒரு நோயாளியும் ஒரு மருந்துப் பெட்டியும் அந்த இரும்பை வளைக்க முடியாது. உட்கார்ந்தவனின் காலுக்கு அடியில் இன்னொருவன் சாக்கைப் போர்த்திச் சுருண்டு கிடந்திருக்கிறான், அதுவும் பல தடவை. அவர் ஆட்களை ஜப்பான்காரனிடம் கொண்டுபோயிருந்தால் ஒருவனை எதற்காக ஒளிக்க வேண்டும்? வண்டிக்கு அடியிலிருந்து நான் தலையை வெளியே இழுத்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, டவுனிலிருந்து ரோந்து வரும் ஜப்பானிய சார்ஜெண்ட் உள்ளே நுழைந்தான். குனிந்து வணங்கினோம். அவன் பலகைகளையும் நூலையும் பார்த்தான். வளைந்த இரும்பை பூட்ஸ் நுனியால் உதைத்தான். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "அப்பா ரொசாக்?" என்றான். என்ன பழுது என்று கேட்கிறான். டிரஸரையா என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. இவன் சொல்லத்தான் போகிறான் என்கிற முடிவு மட்டும் இருந்தது.

"ஜாலான் தா பாய்க், துவான்" என்றேன். ரோடு சரியில்லை. கழற்றிய குண்டுகளில் உடைந்ததை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று இப்போது பெருமையடிக்க மாட்டேன். பாரம் என்று சொன்னால் என்ன பாரம் என்று கேட்பான். அதற்குப் பதில் சொன்னால் உனக்கெப்படித் தெரியும் என்று என்னைக் கேட்பான். சார்ஜெண்ட் குண்டை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தான். "லெகாஸ்" என்று எங்களை அவசரப்படுத்திவிட்டுப் போனான்.

அவனுடைய பூட்ஸ் சத்தம் அடங்கும் வரை டிரஸரையா அசையவில்லை. பிறகு பெட்டியில் உட்கார்ந்தார்.

"லூனாஸ் பக்கம் என் சம்சாரத்தோட ஆளுங்க இருக்காங்க" என்றார். "காடு வெட்டிக் கெழங்கு போடுறாங்க. கொஞ்சப் பேரை அங்க எறக்கி விட்டேன். காலரான்னு சொன்னா சாவடியில கம்பளியத் தூக்கிப் பாக்க மாட்டான்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கண்ணனையும் கேட்டேன். லாரி வர்றதுக்கு முந்தி. நான் காட்டிக் குடுத்துருவேன்னு நெனச்சான். ஏற மாட்டேன்னுட்டான்."

அண்ணன் அப்படி எதுவும் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் எதையும் வீட்டில் சொல்லுகிறவனும் அல்ல அவன். நான் உலையை ஊதினேன். வளைந்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினேன். அதற்கு மேல் ஒரு பட்டை கொடுத்து ரிவெட் ஆணி அடித்து இறுக்கினேன். பழுதான லாரியிலிருந்து ஸ்பிரிங் பட்டை ஒன்றை அறுத்துச் சேர்த்தேன். வண்டி எதிர்ப்புறம் லேசாகச் சாயும்படி தாங்கு கம்பியைத் திருகி வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் கைப்பிடி கைக்குள் அடங்கி நின்றது.

"இனிமே ரெண்டு பேர் ஏறுனாலும் தாங்கும்" என்றேன்.

அவர் முகம் சட்டென்று இறுகியது. "யாரு ரெண்டு பேரு?" என்றார். வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ஜப்பான்காரன் தோற்றுப்போன பிறகு, அரசாங்கம் என்று ஒன்றும் இல்லாத சில வாரங்கள் இருந்தன. அவனுக்கு உதவியவர்கள் என்று பெயர் வாங்கியவர்களை வீட்டிலிருந்து இழுத்துவந்து அடித்தார்கள். ஒருநாள் காலை, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்திகளோடு ஒரு கூட்டம் டிரஸரையாவின் வீட்டு முன் கூடியது. நான் ஓடிப்போய், வண்டியில் பார்த்ததைச் சொன்னேன். வளைந்த இரும்பு, சாக்கு நார் எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவன் என் சட்டையைப் பிடித்தான்.

"ஒனக்கும் அரிசி குடுத்தானாடா?"

அப்போதுதான் பொன்னம்மா அக்கா கூட்டத்துக்குள் புகுந்து வந்தாள். வாசற்படியில் ஏறி நின்றாள்.

"எம் புருசன் உசுரோட இருக்காரு. லூனாஸ்ல இருக்காரு. இவருதான் கொண்டுபோய் விட்டாரு. வாயத் தொறந்தா எல்லாரையும் வெட்டிருவான்னு பொத்திக்கிட்டுக் கெடந்தேன். வேணும்னா போய்ப் பாருங்க."

கூட்டத்தின் பின்வரிசையில் இன்னொரு பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கத்திகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கலைந்து போனார்கள். கதவு கடைசிவரை திறக்கவே இல்லை.

அவர் தோட்டத்தைவிட்டுப் போனபோது டிரங்குப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்ற நான் கை கொடுத்தேன். சயாமுக்குப் போனவர்களில் தப்பியவர்கள் அப்போது எலும்பும் தோலுமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வரவில்லை. வந்த ஒருவர், அவனை ஆற்றோரக் கொட்டகையில் காய்ச்சலோடு கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டிரஸரையா, நெசமாவே எங்கண்ணனைக் கேட்டீங்களா? இல்ல, அன்னிக்கு என் வாயை அடைக்கச் சொன்னீங்களா?"

அவருக்குக் கோபம் வரவில்லை. அந்த முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்துபோனதை அன்றுதான் பார்த்தேன்.

"தம்பி, நீ வண்டிய ரிப்பேர் பண்ணிக் குடுத்த அன்னிக்கு, தோட்டத்து வளைவத் தாண்டி நிப்பாட்டுனேன். நீ தொட்ட ஒவ்வொரு நட்டையும் திருகிப் பாத்துட்டுத்தான் போனேன். எல்லாம் இறுக்கமாத்தான் இருந்துச்சு."

மாட்டு வண்டி நகர்ந்தது. அது செம்மண் பாதையில் பாதி தூரம் போன பிறகுதான், நான் அண்ணனைப் பற்றிக் கேட்டதற்கு அவர் வண்டியைப் பற்றித்தான் பதில் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பார். நான் கூப்பிடவில்லை.

அந்த ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். இப்போது அதையும் வெட்டி வீடுகள் கட்டிவிட்டார்கள். இன்று எனக்கு அப்போதைய டிரஸரையாவைவிட அதிக வயது. அவர் கேட்டிருப்பார், அண்ணன் மறுத்திருப்பான் என்று சில நாள் தோன்றும். பொய் சொல்லத் தெரிந்த மனிதர், எனக்கு மட்டும் ஏன் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று சில நாள் தோன்றும். அம்மா கண்ணை மூடும் வரை அவரைத் திட்டிக்கொண்டேதான் இருந்தாள். மகனைக் காப்பாற்ற ஒரு வண்டி வந்து நின்றது, அவனே ஏற மறுத்தான் என்பதை அவள் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லாமலே இருந்துவிட்டேன்.