சரிபார்த்த எண்

துணிக்கிடங்கில் அக்கா எண்ணிவிட்டால் வேறு யாரும் மறுபடி எண்ணுவதில்லை. "அக்கா கணக்குல ஒரு போர்வை குறைஞ்சா நம்ம கண்ணுலதான் கோளாறு" என்று மருத்துவமனைச் சலவைக்காரர்கள் சிரிப்பார்கள். அந்தப் பெயரை அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

அதைவிடப் பெருமை அவளுக்குத் தம்பியைப் பற்றித்தான். ஐந்து வயதில் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டதிலிருந்து வீட்டில் அவன் பெயர் ஸ்க்ரூ. நகல் கடையில் வேலைக்கு நின்றுகொண்டே கட்டட வரைபடம் போடக் கற்றவன். ஒரு நிறுவனம் அவனைச் சோதித்துப் பார்க்க முன்வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொந்தக் கணினியில் வரைந்து அனுப்ப வேண்டும். மூடப்போகும் அலுவலகம் ஒன்று விற்றுத் தள்ளிய மடிக்கணினியை வியாழன் இரவு வாங்கி வந்தான். திறந்ததும் கறுப்புத் திரையில் ஒரு பூட்டுப் படம்.

"பாஸ்வேர்ட் தானேடா?"

"இது வேற ஜாதிக்கா. மெஷின் கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல குந்திக்கிட்டு இருக்கு. டிஸ்க்கை மாத்தினாலும் எந்திரிக்காது."

வெள்ளிக் காலை, கடையிலிருந்து அந்த அலுவலகத் தொழில்நுட்பக்காரரைத் தொலைபேசியில் பிடித்தான். மூன்று முறை தப்பாக அடித்தால் திரையில் ஓர் எண் வரும். அந்த எண்ணைக் கணினி தயாரித்த நிறுவனத்துக்கு அனுப்பித் திறப்பு எண் வாங்கித் தருவதாகச் சொன்னார். அன்று பிற்பகலோடு அவருக்கு அங்கே வேலை முடிகிறது.

வீட்டில் விடுமுறையில் இருந்த அக்கா, தம்பி தொலைபேசியில் சொன்னபடி மூன்று முறை தப்பாக அடித்து, வந்த எண்ணைத் தாளில் எழுதி, இரண்டு முறை படித்துச் சொன்னாள்.

"போதும்க்கா. மெஷினைத் தொடாத, அப்படியே கிடக்கட்டும்."

தொலைபேசியை வைத்த பிறகு அவளுக்கு மனம் ஆறவில்லை. எட்டா, ஆறா? திரை அணைந்திருந்தது. பொத்தானை அழுத்தினாள், கணினியே அணைந்துபோனது. திரும்பப் போட்டு, மூன்று முறை தப்பாக அடித்தாள். வந்தது வேறு எண். அதையும் கீழே எழுதினாள். முதலில் எழுதியதில் முக்கால்வாசி பொருந்தவில்லை. அவ்வளவு தப்பாகவா எழுதினோம்? வெட்கத்தில் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தம்பியைக் கூப்பிடவில்லை.

இரண்டு மணிக்குத் திறப்பு எண்ணோடு ஓடி வந்தான். அடித்தான். பூட்டு அசையவில்லை.

"நடுவுல ஆஃப் பண்ணினியா?"

"இல்லையே" என்றாள்.

அவள் சொன்னால் அவனுக்கு மறுபேச்சில்லை. அந்த மனிதரைக் கூப்பிட்டு, "வித்ததும் கை கழுவிட்டீங்க, நம்பரையும் பொய்யா குடுத்துட்டீங்களே சார்" என்று கத்தினான். அவர் வைத்துவிட்டார்.

அரை மணி கழித்துத்தான் அக்கா தாளை எடுத்து நீட்டினாள். இரண்டு எண்களையும் அவன் பார்த்தான்.

"ஒவ்வொரு தடவை அணைச்சுப் போட்டாலும் நம்பர் மாறும்க்கா. நீ முதல்ல சரியாத்தான் எழுதியிருக்க."

திட்டுவான் என்று நின்றாள். அவன் மறுபடி அந்த மனிதரின் தொலைபேசி எண்ணை அழுத்தினான். நாலைந்து மணியடித்து எடுத்தார்.

"சார், மன்னிச்சுக்கங்க. தப்பு என் மேலதான். நான்தான் அவசரத்துல அணைச்சுட்டேன். புது நம்பர் தரட்டுமா?"

அவர் குரல் அக்காவுக்கும் கேட்டது. கோபமில்லை. "தம்பி, இப்பதான் என் ஆபீஸ் கணக்கை மூடினாங்க, இனிமே நம்பர் வாங்க முடியாது. அரை மணி முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா?"

அரை மணிக்கு முன் அவன் இங்கேதான் இருந்தான், அவளைக் கேட்டுக்கொண்டு. கைபேசியை வாங்கி, "அணைச்சது நான்தாங்க" என்று சொல்ல அப்போதும் இடமிருந்தது. கையை நீட்டவும் செய்தாள். அதற்குள் அவன் நன்றி சொல்லி வைத்துவிட்டான்.