மிஷின் வரைந்த பூ

போன வருடம், எண்பத்தெட்டு ஜூலையில் நடந்தது. பழங்காநத்தத்தில் குடியிருக்கிறோம். நான்காவது படிக்கும் என் மகளின் பள்ளிக்கூடம் பசுமலையில். அங்கே புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டுமாம்.

ஒரு நாள் சாயங்காலம், ஓரமெல்லாம் வரிசையாக ஓட்டை போட்ட ஒரு கம்ப்யூட்டர் தாளை நீட்டினாள். அதில் அடுக்கடுக்காக இதழ் விரித்த பூ. ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

"நான் வரைஞ்சதும்மா."

"கம்ப்யூட்டர் வரைஞ்சதுன்னு சொல்லு."

"இல்லம்மா, நான்தான்."

மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அதையே சொன்னாள். ஸ்கேல் வைத்தாலும் கோடு கோணலாகப் போடும் பிள்ளை. இப்போதே பொய் பழகினால் நாளைக்கு என்ன ஆவாள் என்று பயந்து, கன்னத்தில் அறைந்துவிட்டேன். 'நான் பொய் சொல்ல மாட்டேன்' என்று நூறு தடவை எழுத வைத்தேன். அழுதுகொண்டே எழுதி முடித்தாள். அடித்திருக்க வேண்டாமோ, அடித்தது சரிதானோ என்று எனக்கும் தூக்கமில்லை.

மறுநாள் அவளை வகுப்பில் விட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்கக் கம்ப்யூட்டர் டீச்சரிடம் போனேன்.

"மிஷின் போட்ட படத்தத் தான் போட்டதாச் சொல்றா டீச்சர். கண்டிச்சு வச்சிருக்கேன்."

என்னைவிடச் சின்னவர் அந்த டீச்சர். கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தார்.

"நீங்க ஒரு பூ போடச் சொல்லுங்கக்கா, போடுதான்னு பாப்போம்."

எழுத்து எழுத்தாகத் தேடி, 'பூ' என்பதை இங்கிலீஷில் தட்டினேன். 'எப்படி என்று எனக்குத் தெரியாது' என்ற அர்த்தத்தில் திரையில் ஒரு வரி வந்து நின்றது.

டீச்சர் என் மகளின் நோட்டை எடுத்து விரித்தார். கோடு எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பக்கம் பக்கமாக மிஷினுக்குக் கட்டளைகள். அடித்து அடித்துத் திருத்தியிருந்தாள்.

"நான் சதுரம் மட்டுந்தான் சொல்லிக்குடுத்தேன். அதையே கொஞ்சங் கொஞ்சமாத் திருப்பிப் போட்டாப் பூ வரும்னு அவளாக் கண்டுபிடிச்சாக்கா. எனக்கே தோணல. இந்தப் பெட்டிக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்றே தெரியவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் அந்தத் தாளோடு பக்கத்தில் போனேன். நான் வாய் திறப்பதற்குள் ஓரடி பின்னால் நகர்ந்து சொன்னாள்:

"மிஷின்தாம்மா வரைஞ்சிச்சு. நான் வரையல."

அவள் என்னிடம் சொன்ன முதல் பொய் அது. அடித்துச் சொல்ல வைத்தவள் நான்.

கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன், அவளும் சிரித்துவிட்டாள். ஆனாலும் இன்றைக்கும் புதிதாக எதையாவது செய்து கொண்டுவந்தால், காட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த ஒரு கணத்தில் நான் நம்புகிறவளாகத் தெரிய வேண்டுமே என்றுதான் இன்னும் தவிக்கிறேன்.