உருளைகள் ஆறப் பத்து நாள்

அந்த வருடங்களில் ஒரு டம்ளர் காபியை உட்கார்ந்தபடியே நான் குடித்து முடித்ததில்லை. பாதியில் எழுந்துவிடுவேன். கால்கள் எங்கோ போகச் சொல்லும்; எங்கே என்று சொல்லாது. பெங்களூரும் அப்படித்தான் இருந்தது. காலையில் பார்த்த பங்களா மாலையில் செங்கல் குவியல், மறுவாரம் பள்ளம், அதற்கடுத்த மாதம் கம்பி முளைத்த தூண்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. இடித்த வீடுகளின் வயிற்றிலிருந்து வந்ததெல்லாம் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடக்கும். அங்கேதான் அதைக் கண்டேன். நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை எனாமல் தொட்டி. தொட்டியின் தலைமேல், கரும்பு ஜூஸ் வண்டியில் இருக்குமே, அதுபோல இரண்டு ரப்பர் உருளைகள். தொட்டி துவைக்கும், துவைத்த துணியை உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் தண்ணீரைப் பிழிந்துவிட்டு அப்பளம்போல மறுபக்கம் தள்ளும். யாரோ ஒரு துரைசாணி வீட்டில் ஓடியது. நான் பார்த்தபோது அதற்குள் எலிக்கூடு இருந்தது.

இப்படிப்பட்ட மெஷின்மேல் பைத்தியம் பிடித்தவர்கள் ஊரில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர்களில் மூத்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த அக்கா. சர்ச்சுக்குப் பின்னால் ஓட்டு வீடு, வராந்தாவில் இரண்டு மெஷின்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் அவர் வீட்டு முற்றத்தில் எல்லோரும் கூடுவோம். அழுக்குத் துணி கொண்டுவராதவனுக்கு அங்கே காபி கிடையாது.

“துவைக்காத மெஷின் எதுக்குப்பா? அதைத் துடைச்சு வெச்சு கும்பிடவா?” என்பார் அக்கா.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மெஷினை ஒருவர் சரிசெய்து முடித்தால், முதலில் அதில் போடும் துணி கந்தலாக இருக்கக் கூடாது. அவருக்கு மிகப் பிரியமான துணியாக இருக்க வேண்டும். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். உன் வேலைமேல் உனக்கே நம்பிக்கை இல்லையென்றால் நாங்கள் எதற்கு நம்ப வேண்டும் என்பதுதான் அதன் பொருள். எழுதி வைக்காத சட்டம், யாரும் மீறியதில்லை.

என் மெஷின் நீலசந்திராவில் நாங்கள் வாடகைக்கிருந்த வீட்டின் பின்கட்டில் பதினான்கு மாதம் கிடந்தது. துவைக்கும் கல் இருந்த ஒரே இடத்தை அது அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த என் மனைவி, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்த் துவைத்தாள். பதினான்கு மாதமும். நானோ ஒரு வாரம் மோட்டாரைக் கழற்றுவேன், மறுவாரம் கவிதை எழுதுவேன், அதற்கடுத்த வாரம் கன்னடத் தட்டச்சு கற்கப் போவேன். மூன்றும் பாதியில் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை, மாடியிலிருந்து இறங்கி வந்து ஈரக் கையோடு நின்றாள்.

“வர்ற ஞாயித்துக்கிழமை இதுல துணி பிழிஞ்சு காட்டுங்க. இல்லன்னா திங்கக்கிழமை குஜிரிக்காரரை நானே கூப்பிடுவேன்.”

“சரி.”

“சரின்னு நீங்க சொல்ற ராகம் எனக்குத் தெரியும். மெஷினுக்காகச் சொல்லலைங்க. இதையாவது முடிச்சீங்கன்னு நான் ஒரு தடவை பார்க்கணும்.”

உருளைகள் மட்டும்தான் பாக்கி. பழைய ரப்பர் வெடித்து உதிர்ந்திருந்தது. அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் வார்க்கும் பாய் ஒருவரிடம் கொடுத்திருந்தேன். வியாழக்கிழமை கிடைத்தன. புத்தம் புதிது, தேன் நிறம், தொட்டால் குழந்தையின் குதிகால்போல.

“பத்து நாள் நிழல்ல ஆறணும் சார். ஜல்தி வேணாம்” என்றார் பாய்.

“ஞாயித்துக்கிழமை ஓட்டினா?”

“பெயின்ட் காயாத பெஞ்சுல உக்காருவீங்களா? உக்காந்தா பேன்ட்டு யாருது?”

ஞாயிறுக்கு மூன்று நாள்தான். வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இன்னும் ஒரு வாரம் கொடு என்று. ஆனால் பதினான்கு மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியமே அதுதான். உண்மையும் அதே வாக்கியமாக வந்து நின்றபோது எடுக்க வாய் கூசியது. சொல்லவில்லை. உருளைகளை மாட்டினேன். ஃபேனைத் திருப்பி வைத்தேன். மணிக்கு ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்தேன். விரல் வைத்த இடத்தில் ரேகை பதிந்தது.

ஞாயிறு பத்து மணிக்கு அக்கா வந்தார், சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு.

“எர்த் பாத்தியா?”

“பாத்துட்டேன்க்கா.”

உருளைமேல் கட்டை விரலை அழுத்தினார். “என்னப்பா, ஒட்டுது?”

“புதுசில்லையா, அப்படித்தான் இருக்கும். ஆறியாச்சு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பார்த்தேன்.

முதல் துணி என் கல்யாண வேட்டி. தொட்டி உறுமியது, நடுவிலிருந்த துடுப்பு இடமும் வலமுமாகத் தண்ணீரை உலுக்கியது, வேட்டி நுரைக்குள் புரண்டது. என் மனைவி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு வரவா வேண்டாமா என்று நின்றது. அதைப் பார்த்தபடியே வேட்டி நுனியை உருளைகளுக்கிடையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டது. தண்ணீர் கொட்டியது. அக்கா கைதட்டினார்.

ஆனால் மறுபக்கம் வேட்டி வரவில்லை. பசைபோலிருந்த ரப்பர் துணியை விடாமல் தன்னைச் சுற்றியே சுருட்டிக்கொண்டது. உருளை பெருத்தது, மோட்டார் முனகியது. யாரும் செய்யக் கூடாததை, எங்கள் கூட்டத்துக்கு வந்த முதல் நாளே செய்யாதே என்று சொல்லித் தருவதை, நான் செய்தேன். துணியைப் பிடித்து இழுத்தேன். துணி என்னை இழுத்தது. விரல்கள் உள்ளே போயின, கணுக்கள் போயின.

டப் என்றது. உருளைகள் விலகின. உருளைகளைப் பிரிக்க மேலே இருந்த அவசரப் பட்டையை என் மனைவி உள்ளங்கையால் அறைந்திருந்தாள். நானும் அக்காவும் வாய் பிளந்து அவளைப் பார்த்தோம்.

“என்ன பாக்கறீங்க? பதினாலு மாசமா இதைச் சுத்திப் பெருக்கினவ நான். எது எங்க இருக்குன்னு தெரியாதா?”

நான்கு விரல்கள் சிவந்து வீங்கின, எலும்புக்கு ஒன்றுமில்லை. வேட்டி முழுக்கப் பழுப்புப் பட்டைகள். அக்கா ஐஸ் கொண்டுவரச் சொன்னார். சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பினார்.

“ரப்பர் வார்த்தவன் எத்தனை நாள் ஆறணும்னு சொன்னான்?”

“பத்து.”

“இது எத்தனாவது நாள்?”

“மூணு.”

“ஆறியாச்சுன்னு என்கிட்ட சொன்னே.” குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

என் மனைவி தரையில் உட்கார்ந்து, உருளையிலிருந்து வேட்டியைச் சுற்றுச் சுற்றாக உரித்தாள்.

“பத்து நாள் வேணும்னு என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ நம்பமாட்டேன்னு நெனச்சேன்.”

“நம்பியிருக்கமாட்டேன்தான்” என்றாள். “ஆனா குடுத்திருப்பேன்.”

குஜிரிக்காரரை அவள் கூப்பிடவில்லை. உருளைகளைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி பாயிடம் கொண்டுபோனேன். பாய் சிரித்தார். வார்த்துக் கொடுத்தார். மறுபடி முதல் நாள்.

அந்தப் பத்து நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்வது கடினம். ஒன்றும் செய்யாமல் கழித்தேன், அதுதான் கடினம். ஆபீஸிலிருந்து ரிச்மண்ட் டவுன் வழியாக நடந்தே வந்தேன், கால்களைக் களைப்பாக்க. பின்கட்டுக்குப் போவேன், உருளைகளைத் தொடாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஏழாம் நாள் விரல் நீண்டுவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல், “கை!” என்றது. இழுத்துக்கொண்டேன். அவள் மாடிக்குப் போகும்போதெல்லாம் பக்கெட்டை வாங்கிக்கொண்டேன். நான் துவைத்தேன். அதையும் ஒருநாள் பாதியில் விட்டேன்.

பதினோராம் நாள் அக்கா வந்தார். கேட்டபோது வரவில்லை என்றவர், வந்தார். உருளையில் கட்டை விரலை நெடுநேரம் அழுத்தி, விரலைத் தூக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

துணிக்கு நான் பீரோவைத் திறக்கும் முன்பே என் மனைவி ஒன்றை எடுத்து வந்தாள். முதல் சம்பளத்தில் அவள் வாங்கிய கைத்தறிச் சேலை, வெளிர் நீலம்.

“சட்டப்படி அது உன்னுடையதா இருக்கக் கூடாது” என்றேன்.

“உங்க சட்டமெல்லாம் போன தடவை பாத்தேன். போடுங்க.”

அவளே நுனியைக் கொடுத்தாள். நீலம் உள்ளே போனது. தண்ணீர் சரசரவென்று தொட்டியில் இறங்கியது. மறுபக்கம் சேலை மடிப்பு மடிப்பாக, இஸ்திரி போட்டதுபோல, நாக்கை நீட்டுவதுபோல வந்தது. கறை இல்லை. அக்கா சிலுவை போட்டுக்கொண்டு, “காபி எங்கே?” என்றார்.

எனக்குள் ஏதோ பெரிதாக நிகழும் என்று பதினான்கு மாதம் நினைத்திருந்தேன். நிகழ்ந்தது, ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு கால்கள் பேச ஆரம்பித்தன. காக்ஸ் டவுனில் ஒரு பங்களாவை இடிக்கிறார்களாம், பின்வாசல் ஷெட்டில் செம்புத் தொட்டி மெஷின் ஒன்று இருக்கிறதாம் என்று அக்கா காபிக்கிடையில் சொல்லியிருந்தார்.

என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“கிளம்பியாச்சா?”

“இல்லையே.”

“மூஞ்சியிலேயே எழுதியிருக்கு. போங்க, வேண்டாங்கல. காயப் போட்டுட்டுப் போங்க. முடிக்கறதுன்னா அதுவரைக்கும்தான்.”

சேலையைக் கொடியில் விரித்து இரண்டு பக்கமும் க்ளிப் மாட்டினேன். குனிந்து பார்த்தேன். பக்கெட்டில் பிழிந்த துணிகள் இன்னும் ஆறு இருந்தன. அடுத்ததை எடுத்து உதறினேன்.