பிச்சாவரத்துக் கடைசிப் படகு

சித்தி பிராக் நகரத்துக்கு வரப்போகிறாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. கணவரின் வேலைக்காக நாங்கள் இங்கே வந்து சேர்ந்தவர்கள். நகரத்தைக் காட்டுவது சுலபம். பாலம், கோட்டை, பழைய கடிகாரம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய வெளியூர்கள்தான் சிக்கல். குட்னா ஹோரா ரயிலில் பக்கம். ஆனால் அங்கே எலும்புகளால் அலங்கரித்த தேவாலயம் இருக்கிறது, என் மகள் பயந்துகொண்டால்? கிரும்லோவ் அழகான ஊர். ஆனால் பஸ்ஸிலேயே பாதிப் பகல் போய்விடும். திரும்பிவரும் பஸ்ஸைத் தவறவிட்டால்? மழை வந்தால்? மாற்று ஏற்பாடு, அதற்கும் ஒரு மாற்று என்று எல்லாவற்றையும் யோசித்து, சித்தியிடம் போனில் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எங்க வேணா கூட்டிட்டுப் போடி. பட்டுப்பொடவ மட்டும் கட்டிக்கச் சொல்லாத."

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் எனக்குப் பிச்சாவரம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தோம். நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. பள்ளி விடுமுறையில் ஒருநாள், அம்மாவின் தம்பியான மாமா ஒரு பயணம் ஏற்பாடு செய்தார். காலையில் சிதம்பரம் கோயில், மதியம் ஹோட்டல் சாப்பாடு, பிறகு பிச்சாவரத்தில் படகு, இருட்டுவதற்குள் வீடு. குடும்பத்தில் எல்லாப் பயணத்துக்கும் திட்டம் போடுவது மாமாதான்.

எனக்குச் சொல்லப்பட்டது பாதித் திட்டம். மீதிப் பாதி, திட்டக்குடியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் கோயில் குளக்கரையில் எங்களைத் தற்செயலாகச் சந்திப்பது. வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். கோயில் என்றால் சாமி கும்பிட வந்த இடத்தில் பார்த்தோம், பேசினோம், அவ்வளவுதான், யாருக்கும் தலைகுனிவில்லை. அவர்களுக்குத் தை மாதமே கல்யாணம் வேண்டும், பெண் படித்தவரைக்கும் போதும். சித்தி அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். மாமாவிடமும் கெஞ்சியிருக்கிறாள். நல்ல இடம் என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. என் வாயில் எதுவும் தங்காது என்று பெயர்.

அதனால் அம்மாவின் மயில்கழுத்து நிறக் கல்யாணப் பட்டைச் சித்தி ஏன் கட்டிக்கொண்டு வருகிறாள் என்று நான் கேட்கவில்லை. படகில் போவது அவ்வளவு பெரிய விசேஷம் என்றே நினைத்தேன்.

பஸ்ஸில் சித்தி என்னை ஜன்னலோரம் உட்காரவைத்தாள். பிச்சாவரத்தில் மரங்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும், கிளைகளுக்கு அடியில் படகு குகைக்குள் போவதுபோலப் போகும் என்றாள். பிறகு என் காதோரம் குனிந்தாள்.

"மூணு மணிக்கு மேல போட்டு விடமாட்டாங்கடி. அதுக்குள்ள போய்டணும்."

பள்ளிக்கூட மணி அடித்துவிடுமோ என்று விடியற்காலையிலேயே பயப்படும் குழந்தை நான். அந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

கோயிலில் குளக்கரைப் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. உச்சிப்பொழுதில் நடை சாத்தினார்கள். வெளியே போய் போன் செய்துவிட்டு வந்த மாமாவின் முகம் வாடியிருந்தது. வருகிறவர்களின் வண்டி விருத்தாசலம் தாண்டிப் பழுதாகி நிற்கிறதாம். சாயங்காலம் நடை திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவார்களாம். அதுவரை அங்கேயே காத்திருக்கலாம், படகு இன்னொரு நாளைக்கு என்று மாமா ஹோட்டலில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி சொன்னார்.

நான் அழ ஆரம்பித்தேன்.

"மூணு மணிக்கு மேல போட்டு இல்ல மாமா!"

"யாரு சொன்னா ஒனக்கு?"

சித்தி தலைநிமிராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

விக்கி விக்கி அழுதால் எனக்கு வாந்தி வந்துவிடும். அம்மாவுக்கு அது தெரியும், சித்திக்கும் தெரியும். "டேய், அது இன்னும் கொஞ்சம் அழுதுச்சுன்னா எடுத்துடும். அவ பொடவ மேலயே எடுத்துடும். போய்ட்டு வெரசா வந்துடலாம்டா" என்றாள் அம்மா.

"அவுங்க வர்ற நேரத்துல நாம போட்டுல மெதக்கணுமா? நல்லா இருக்குக்கா ஒன் நியாயம்!" என்றார் மாமா. ஆனாலும் எழுந்து கைகழுவப் போனார்.

மரங்களைப் பற்றிச் சித்தி சொன்னதெல்லாம் உண்மை. தண்ணீருக்கு மேல் பச்சை வெளிச்சம் விழுந்தது, வேர்களில் நண்டுகள் ஏறின. துடுப்புப் போட்டவரிடம், "இன்னும் கொஞ்சம் உள்ள போங்கண்ணே, புள்ள ஆசப்படுது" என்று சித்தி சொல்லிக்கொண்டேயிருந்தாள். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கரையில் இன்னும் ஒரு கூட்டம் படகுக்கு நின்றது.

"சித்தி, மூணு மணிக்கு மேல விடமாட்டாங்கன்ன?"

"இன்னைக்கு விடுறாங்க போலருக்குடி."

அம்மாவும் மாமாவும் முதலில் இறங்கினார்கள். அடுத்து நான். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் படியில் வைத்தாள். படகு ஆடியது. மறு நொடி, கல்யாணப் பட்டோடு இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்றாள்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு! இந்தக் கோலத்துலயா கொண்டுபோய்க் காட்டுறது?" என்றார் மாமா. எங்களைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கோயிலுக்கு அவர் மட்டும் தனியாகப் போனார். பெண் பார்க்கவந்த அன்றைக்கே இத்தனை தடங்கல் என்றால் சகுனம் சரியில்லை என்று திட்டக்குடிக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தை மாதம் சித்தி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஒரு கல்லூரியில் பேராசிரியை.

எனக்குத்தான் அந்தப் படகுத்துறை மனத்தை விட்டுப் போகவில்லை. கையை நான் இழுத்துவிட்டேன், அதனால்தான் விழுந்தாள் என்றே நம்பிவந்தேன். இன்றைக்கும் ரயிலில் இறங்கும்போது முதலில் நான் இறங்கி, நன்றாக நின்றுகொண்ட பிறகே மகளுக்குக் கை நீட்டுகிறேன். போனில் சித்தி சிரித்து ஓய்ந்ததும் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு நான்தான் இழுத்துட்டனா சித்தி?"

"நீ எங்கடி இழுத்த? நான் உழுந்துடாம நீதான் கெட்டியாப் புடிச்சிருந்த. ஒன் கைய ஒதர்றதுதான் எனக்குப் பெரும்பாடா போச்சு."

அன்று பஸ்ஸில் ஈரப்புடவையோடு சித்தி என் தலையில் முகத்தைப் புதைத்திருந்தாள். தோள் குலுங்கியது. முன்சீட்டில் அம்மா திரும்பியே பார்க்கவில்லை. நான் சித்தியின் முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தேன். "அழாத சித்தி. நான் பெரியவளாகி ஒனக்கு வேற பொடவ வாங்கித் தரேன்" என்றேன். அவள் தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. ஊர் வரும்வரை நான் தடவிக்கொண்டே வந்தேன்.