பட்டியலில் இல்லாத பனையடிமேடு

யானைமுகத்தான் திருவடியைப் பணிந்து, தை மாத வளர்பிறைப் பஞ்சமியாகிய இந்நன்னாளில் இதை எழுதத் தொடங்குகிறேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு ஆண்டு. புதுச்சேரி மெரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், நான் எழுத்தராக இருந்தேன். பல ஊர்கள் அடங்கிய கிராமப்புற ஆட்சிப் பிரிவான கொம்யூன் ஒன்றைப் பற்றிய விவரக் குறிப்பைத் தயாரிக்கும் பணி எனக்கு வந்தது. ஊர்கள், ஏரிகள், சாலைகள், பள்ளிகள், கோயில்கள் யாவும் அதில் அடங்க வேண்டும். எந்தெந்த ஊருக்குக் குடிநீர்க் கிணறு வெட்டுவது என்பதை அக்குறிப்பைக் கொண்டே முடிவு செய்வார்கள். பழைய பிரெஞ்சுப் பட்டியலைப் பார்த்து, இருக்கையை விட்டு எழாமலே பதினான்கு ஊர்களை எழுதி முடித்தேன். கையெழுத்து அழகாக அமைந்ததில் எனக்குப் பெருமை.

குறிப்பை மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய நாளன்று காலை, நகர மருத்துவமனையில் பிறந்த தம் குழந்தையைப் பதிவு செய்ய ஓர் உழவர் வந்தார். ஊரைக் கேட்டேன்.

“பனையடிமேடுங்க.”

நான் எழுதிய கொம்யூனைச் சேர்ந்தது என்றார். என் பட்டியலில் அப்பெயர் இல்லை.

“அப்படி ஓர் ஊரே இல்லையே?”

“ஊரே இல்லன்னா, நான் என்னா வானத்துலேருந்து குதிச்சேனா? எங்கப்பாரு காலத்துல ஏரி ஒடைஞ்சப்போ மேட்டுல ஏறி அங்கியே குடியிருந்துட்டோம். பொம்பளைங்க பக்கத்து ஊருக்கு நடந்து தண்ணி தூக்கறாங்க சாமி. கெணறு கேட்டுக் கேட்டு எங்க வாயிதான் வறண்டுபோச்சி.”

தலைமை எழுத்தரிடம் சென்றேன். அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி ‘முசே’, அதாவது ‘ஐயா’, என்றே அழைப்போம்.

“எவனோ சொன்னான்னு பட்டியல்ல இல்லாத ஊர சேப்பியா? சாயங்காலம் மேல போவணும். கையெழுத்துக்கு வையி.”

பிறப்புப் பதிவேடுகளை இறக்கி மூன்று மணி நேரம் புரட்டினேன். பெற்றோரின் ஊர் பனையடிமேடு என்றிருந்த பதிவுகள் இருபத்திரண்டு. அவற்றுள் ஒன்பதன் கீழ் முசேயின் கையெழுத்தே இருந்தது. ஏடுகளை அவர் முன் விரித்து வைத்தேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இல்லாத ஊருல ஒம்போது புள்ளைக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். எனக்குச் சிலைதான் வைக்கணும்” என்று சிரித்தார். பிறகு, “குறிப்பு நாளைக்குப் போவட்டும். மேல நான் பதில் சொல்லிக்கறேன். சைக்கிள எடு, போய்ப் பாத்துட்டு வந்து எழுது” என்றார்.

சென்று பார்த்தேன். வீடுகள் முப்பத்தொன்று, அம்மன் கோயில் ஒன்று, கிணறு இல்லை. ஊர்களின் எண்ணிக்கையைப் பதினைந்தாகத் திருத்தி எழுதினேன். அடுத்த கோடைக்குள் பனையடிமேட்டில் கிணறு வெட்டினார்கள்.

திருத்தலங்களைப் பாடிய அடியார்கள், கால் நோக நடந்து, கண்ணாரக் கண்ட பின்னரே பாடினார்கள். அப்பாடல்களை நாள்தோறும் ஓதிய நான், காணாமலே எழுதத் துணிந்தேன். அதற்குப் பின், போய்ப் பார்க்காத ஊரைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

இதை வாசிக்கும் அனைவரும் நீர்வளமும் நிறைவாழ்வும் பெற்றிருக்க இறைவன் அருள்க.