தழும்புக் கை

பொலித்தீன் பைக்குப் பதிலாகத் துணிப்பை தைத்து விற்கலாம் என்று பேஸ்புக்கில் பக்கம் தொடங்கியபோது, என் மச்சி, கணவரைக் 'காக்கா' என்று கூப்பிடும் அவரின் தங்கை, ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"முகத்த மட்டும் போட்டுராதீங்க மச்சி. ஊர் கதைக்கும். காக்காட மானம் போயிரும்."

எங்கள் ஊர்ப் பெண்கள் நடத்தும் பக்கங்களில் முகம் இருக்காது. ஹபாயா அங்கியின் கறுப்புக் கை தெரியும், அதற்கப்பால் விரல்கள் மட்டும். அதனால் நானும் மறுத்துப் பேசவில்லை. தையல் கடைகளில் கழித்து வீசும் வெட்டுத் துணியைக் கொண்டுவந்து நான் தைப்பேன். அவள் போனைப் பிடிப்பாள். வீடியோ ஏற்றுவது, பதில் எழுதுவது, பாஸ்வேர்ட் எல்லாம் அவளிடம். சொந்த மச்சிதானே! மீனுக்குப் பூனையைக் காவல் வைத்தது அப்போது தெரியவில்லை.

என் இடக்கைப் பெருவிரலில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு உண்டு. 'அந்தத் தழும்புக் கை தைக்கிற பைதான் வேணும்' என்று கொழும்பிலிருந்தெல்லாம் எழுதுவார்கள். அவள் வாசித்துக் காட்டுவாள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒருநாள் சமைத்துக்கொண்டே போனைப் பார்த்தேன். 'நிலைபேறான அபிவிருத்தியில் பெண்கள்' என்று ஒரு விழா, நேரலை. மேடையின் பெரிய பெனரில் என் கைகள், தழும்போடு. அதற்கு முன்னால் முகம் நிறையச் சிரிப்போடு மச்சி, விருதும் கையுமாக நின்றாள்.

"தனிய இந்தக் கையாலதான் எல்லாத்தையும் தொடங்கின நான்" என்றாள் மைக்கில்.

பகல் சாப்பாட்டுக்கு வந்த கணவரிடம் காட்டினேன். "ஆர் குத்தியும் அரிசியானாச் சரிதானே. நம்மட குடும்பத்துக்குத்தானே பேர்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். குத்தியவளுக்கு உமிகூட மிஞ்சவில்லை என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

பின்னேரம் அவளே இனிப்புப் பெட்டியோடு வந்தாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"உங்கட முகத்தத்தான் காட்டேலாதே மச்சி. அதான் நான் போனேன்."

"அப்ப உன்ட முகத்தக் காட்டினா காக்காட மானம் போகாதா?"

இனிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றே என் முகமும் கையும் தெரிய ஒரு படம் எடுத்து, 'இது என் கை' என்று என் சொந்தக் கணக்கிலிருந்து அந்தப் பக்கத்தில் கமெண்டாகப் போட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் குடிப்பதற்குள் அதை அழித்து, என்னையும் பிளொக் பண்ணிவிட்டாள்.

இப்போது மகளின் போனில்தான் பார்க்கிறேன். பக்கம் நன்றாக ஓடுகிறது. பழைய வீடியோக்களில் என் கைகள் இன்னும் அவளுக்குத் தைத்துக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.